முதல் கோர்வை கட்டுவது எப்படி? பரதநாட்டியம் கற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அடவுகள் (ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள்) வரும், தாளம் போட வரும், மூன்று காலமும் கால் பேசும். ஆனாலும் குரு சொல்லிக்கொடுத்த உருப்படியைத் தாண்டிச் சொந்தமாக ஒரு கோர்வை, அதாவது தாளக் கணக்குக்குள் அடவுகளைக் கோத்த ஒரு தொடர், அமைத்துப் பார்க்கலாம் என்று நின்றால் பலருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. பாட்டைப் போட்டுவிட்டுப் பிடித்த அடவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆடிப் பார்க்கிறார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு நிலையில் நிற்கிறார்கள். முதல் தடவை பார்க்க நன்றாகவே இருக்கும். மறுநாள் ஆடினால் அதே இடத்தில் வந்து நிற்காது. இடது பக்கம் ஆடச் சொன்னால் கால் குழம்பிப்போகும்.

கற்பனைக் குறைவு இதற்குக் காரணமல்ல. வேலையைத் தலைகீழாகச் செய்வதுதான் காரணம். கோர்வையை முடிவிலிருந்து தொடங்கிக் கட்ட வேண்டும். எங்கே போய் விழப்போகிறோம் என்பது முதலில், அதற்குள் எத்தனை மாத்திரை (இங்கே எண்ணும் மிகச்சிறிய அலகு) என்பது இரண்டாவது. அதன்பிறகு வாய், பிறகு கால், பிறகு கை, கடைசியில்தான் மேடையில் எங்கே நகர்வது என்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைச் செம்மைப்படுத்தினார்கள். அந்த மரபில் ஆட்டத்தை அமைப்பவர் நட்டுவனார். தட்டுக்கழியும் வாயில் சொல்லும்தான் அவருடைய கருவிகள். சொல்லும் கணக்கும் முதலில் உறுதியாகி, அதற்கு மேல் உடல் ஏறும் முறை இன்றைக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கு மிகவும் பாதுகாப்பான வழி.

இந்தக் கட்டுரை நிருத்தத்தை, அதாவது பொருள் இல்லாத தூய ஆட்டத்தை மட்டும் பேசுகிறது. பொருளை நடித்துக் காட்டும் அபிநயத்துக்குப் பாடலின் பொருளும் சஞ்சாரிகளும், அதாவது அந்தப் பொருளின் விரிவுகளும், வேண்டும். அது வேறு பாடம். நிருத்தத்தில் கணக்கு பிடிபட்டபின் அங்கே போவதே நல்லது.

கணக்கு

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு: மொத்தம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் ஓர் அட்சரத்துக்கு 4 மாத்திரை. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. இதுதான் உங்கள் இடம். இதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் 32 முடிந்ததும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், இருக்க வேண்டும்.

நிரப்புவதற்கான சொற்கள் தெரிந்தவையே. தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகிடதகதிமி 7. முடிப்பதற்கு ததிங்கிணதொம் என்ற 5 மாத்திரைச் சொல் இருக்கிறது. அதன் முதல் எழுத்தை நீட்டித் தாதிங்கிணதொம் என்றால் 6. தா, திங் இரண்டையும் நீட்டினால் 7.

பெரும்பாலான கோர்வைகள் ஒரே சொல்லை மூன்றுமுறை சொல்லி முடிகின்றன. ஒருமுறை சொன்னால் முடிவதாகத் தோன்றாது. இரண்டாவது முறை வரும்போது பார்ப்பவர் காது கணக்குப் போடத் தொடங்குகிறது. மூன்றாவது சமத்தில் விழும்போது அந்தக் கணக்கு நிறைவேறுகிறது. சபையில் கைதட்டல் எழும் இடம் பெரும்பாலும் இதுவே.

எனவே முதலில் முடிவை வைப்போம். தாதிங்கிணதொம் மூன்றுமுறை என்றால் 18 மாத்திரை. 32இலிருந்து 18 போனால் மீதி 14. பதினான்கு என்பது இரண்டு ஏழு. கோர்வை கட்டியாகிவிட்டது:

தகிட தகதிமி
தகிட தகதிமி
தாதிங்கிணதொம்
தாதிங்கிணதொம்
தாதிங்கிணதொம்

ததிங்கிணதொம் என்ற 5ஐ வைத்திருந்தால் 15 போக மீதி 17. அதையும் 5, 5, 7 என்று கட்டலாம்தான், ஆனால் முதல் முயற்சிக்கு மீதி சமமாகப் பிரியும் எண்ணே நல்லது. மீதி எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்த்து முடிவுச் சொல்லை ஒரு மாத்திரை கூட்டுவதும் குறைப்பதும்தான் இந்தக் கட்டத்தின் முழு வேலை. கட்டம் போட்ட நோட்டில் ஒரு வரிக்கு 8 பெட்டி, ஒவ்வொன்றிலும் 4 சிறு கட்டம் என்று போட்டுக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு மாத்திரையாக எழுதுங்கள். நீட்டிச் சொல்லும் எழுத்துக்கு அடுத்த கட்டத்தில் ஒரு புள்ளி.

எழுதியதும் கண்ணில் படும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது தகிட, சுண்டுவிரல் அட்சரத்தின் கடைசி மாத்திரையில் தொடங்குகிறது. முதல் தாதிங்கிணதொம் நடுவிரலின் பாதியில் தொடங்குகிறது. ஆனால் இரண்டாவது தாதிங்கிணதொம் சரியாக 6ஆவது அட்சரத்தின் மேல், முதல் வீச்சில் விழுகிறது. அந்த ஓர் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பழகும்போது வழி தவறினீர்களா இல்லையா என்று அதுதான் சொல்லும்.

வாய்

காலைத் தூக்கும் முன் கையில் தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 40 அட்சரம் என்ற வேகத்தில் தொடங்கினால் ஓர் ஆவர்த்தனம் 12 விநாடி ஓடும். மெட்ரோனோம் செயலி போதும். ஆனால் தாளத்தை உங்கள் கையே போட வேண்டும், செயலி வேகத்தைக் காப்பதற்கு மட்டும். தடுமாறாமல் வந்தபின் 50, பிறகு 60.

இங்கே எல்லோருக்கும் வரும் கோளாறு ஒன்று உண்டு: தாவின் நீட்சியை விழுங்கிவிடுவது. தா இரண்டு மாத்திரை நிற்க வேண்டும். அவசரத்தில் அது ஒன்றாகிவிடும். முதல் தாவில் விழுங்கினால் இரண்டாவது தா வீச்சுக்கு ஒரு மாத்திரை முன்பே வந்துவிடும். மூன்றிலும் விழுங்கினால் சமத்துக்கு 3 மாத்திரை முன்பே முடித்துவிட்டு நிற்பீர்கள். ‘ஏன் சேரவில்லை’ என்று முழுக் கோர்வையையும் திரும்பத் திரும்ப ஆட வேண்டியதில்லை. இரண்டாவது தா வீச்சில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் கோளாறு அதற்குப் பின்னால், விழாவிட்டால் முன்னால்.

இன்னொன்று, தகிட வரும்போது வேகம் கூடுவது. மூன்று எழுத்துகளை நான்கின் அவசரத்தில் சொல்லும் பழக்கத்தால் வருவது அது. தகிடவை மட்டும் பத்துமுறை தாளத்தோடு சொல்லிப் பார்த்தால் சரியாகிவிடும்.

கால்

கோர்வை கட்டுவதில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பகுதி இதுதான். கணக்கு சரியாக இருந்தும் ஆட்டம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். கேள்வி எளிமையானது: இந்தச் சொல் முடியும்போது உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது? எடை தாங்கும் காலைத் தூக்க முடியாது. அடுத்த சொல் மற்றக் காலில்தான் தொடங்க முடியும்.

நம் கோர்வையை வெறும் தட்டாக, வலம் இடம் என்று மாறி மாறித் தட்டிப் பாருங்கள். தகிடதகதிமியில் 7 தட்டு. வலத்தில் தொடங்கினால் வலத்தில் முடியும். எனவே இரண்டாவது ஏழு தானாகவே இடக்காலில் தொடங்கி இடக்காலில் முடியும். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம் என்று நீங்கள் எதுவும் திட்டமிடாமலேயே அமைந்துவிட்டது. தாதிங்கிணதொம் 6 மாத்திரையானாலும் தட்டு 5தான், ஏனென்றால் தாவின் நீட்சியில் கால் அசையாது. அதுவும் ஒற்றைப்படை. எனவே மூன்றும் வலம், இடம், வலம் என்று மாறும். மொத்தத் தட்டுகள் 7, 7, 5, 5, 5 சேர்ந்து 29. ஒற்றைப்படை என்பதால் முழுக் கோர்வையும் வலக்காலில் முடிகிறது. மறு ஆவர்த்தனம் இடக்காலில் தொடங்கி எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் மறுபக்கமாகிறது. கோர்வைகளை வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை ஆடும் வழக்கத்துக்கு இது அப்படியே பொருந்திவருகிறது.

எண்ணிக்கை மாத்திரையில் அல்ல, தட்டில்தான் என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படைத் தட்டு பக்கம் மாற்றும், இரட்டைப்படை மாற்றாது.

இப்போது வெறும் தட்டுக்குப் பதிலாக அடவுகளை வைக்கும்போது ஒரு சிக்கல் வரும். முதல் தாவில் வலக்காலை நாட்டடவுபோல் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை நாட்டலாம் என்று ஆசை வரும், அழகாகவும் இருக்கும். ஆனால் நாட்டிய கால் எடை வாங்குவதில்லை. உடல் இன்னும் இடக்காலில்தான் நிற்கிறது. எனவே அடுத்த திங் மறுபடியும் வலக்கால்தான். கி இடம், ண வலம், தொம் இடம். சொல் இடக்காலில் முடிந்துவிட்டது, பக்கம் மாறவில்லை. ஒரே ஒரு நாட்டு மொத்தக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும். இதற்கு இரண்டு தீர்வுகள். எடை வாங்காத காலடியை இரண்டாக வையுங்கள், கணக்கு பழையபடி திரும்பும். அல்லது தொம்மில் இரு காலையும் சேர்த்துக் குதித்து விழுங்கள். இரு கால்களிலும் எடை சமமாக இருக்கும்போது அடுத்து எந்தக் காலும் எழலாம். குதித்து முடிக்கும் தீர்மானங்கள் (கோர்வையை முடிக்கும் பகுதிகள்) இவ்வளவு வசதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

முதல் கோர்வைக்கு மூன்று அடவு இனங்களுக்கு மேல் வேண்டாம். தட்டு, நாட்டு, ஒரு தீர்மான அடவு போதும். 32 மாத்திரைக்குள் ஐந்தாறு அடவுகளைத் திணித்தால் எதுவும் கண்ணில் நிற்காது. ஒரே அடவு இரண்டு பக்கமும் வரும்போதுதான் பார்ப்பவருக்கு வடிவம் தெரிகிறது.

அரைமண்டிக்கும் (முழங்கால் மடக்கிப் பாதி அமர்ந்த நிலை) நேரம் ஒதுக்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து அரைமண்டிக்கு இறங்க ஒரு மாத்திரையாவது வேண்டும். முழுமண்டியிலிருந்து எழுந்து தட்ட அதைவிட அதிகம். துரித காலத்தில் 4 மாத்திரைக்குள் உட்கார்ந்து எழுவதுபோல் அமைத்தால் முட்டி பாதியில் நிற்கும், தட்டும் கேட்காது. கோர்வையின் கடைசியில் அரைமண்டி உயர்ந்துபோவதைப் பலரும் தொடைவலு குறைவு என்று நினைக்கிறார்கள். பல நேரங்களில், கோர்வையை அமைத்தவர் இறங்க இடம் விடாததே காரணமாக இருக்கும்.

கை

கால் ஒவ்வொரு மாத்திரையும் பேசும்போது கை அப்படிப் பேசக்கூடாது. தகிடவுக்கு ஒரு நிலை, தகதிமிக்கு ஒரு நிலை என்பதே போதும். உதாரணமாக முதல் ஏழில் இடக்கை பக்கவாட்டில் நீட்டிய நாட்டியாரம்ப நிலையிலேயே இருக்கட்டும். வலக்கை தகிட முழுக்க மார்பருகே கடகாமுக முத்திரை. தகதிமியின் முதல் எழுத்தில் வலப்பக்கம் அலபத்ம முத்திரையாக விரிந்து நான்கு மாத்திரையும் அங்கேயே நிற்கட்டும். இரண்டாவது ஏழு இதன் மறுபக்கம். தாதிங்கிணதொம் முதல்முறை வலது முன்மூலைக்கு, இரண்டாவது இடது முன்மூலைக்கு, மூன்றாவது நேர் முன்னால் இரு கைகளும். காது மூன்றைக் கேட்கும்போது கண்ணும் மூன்று திசைகளைப் பார்க்கிறது.

நீட்டிய தாவை வீணாக்க வேண்டாம். கால் ஓய்ந்திருக்கும் அந்த ஒரு மாத்திரையில்தான் கை நீளமாகப் பயணம் செய்ய முடியும், முதுகு சாய முடியும், பார்வை திரும்ப முடியும். கை போகிற திசைக்குப் பார்வையும் போக வேண்டும். உள்ளங்கையையே உற்றுப் பார்ப்பதல்ல, விரல்நுனி காட்டும் தூரத்தைப் பார்ப்பது. புதிதாகக் கட்டியதை ஆடும்போது அடுத்தது என்ன என்று யோசிக்கும் கண் தரையைப் பார்க்கும். பார்வையையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அது குறையும்.

இடம்

முதலில் நின்ற இடத்திலேயே ஆடி உறுதி செய்யுங்கள். பிறகு நகர்வைச் சேருங்கள். வலப்பக்கக் கோர்வையில் வலமாக நகர்ந்தால் இடப்பக்கக் கோர்வை உங்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். எனவே பக்கவாட்டு நகர்வு ஆபத்தில்லாதது. முன்னால் போவது அப்படியல்ல. ஒவ்வொரு தாதிங்கிணதொம்முக்கும் ஓரடி முன்னேறினால், இரண்டு பக்கமும் ஆடி முடிக்கையில் ஆறடி முன்னால் இருப்பீர்கள். சிறிய சபா மேடைகளில் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். அப்படியானால் அடுத்த கோர்வை பின்னோக்கி வருவதாக இருக்க வேண்டும். தரையில் சாக்கட்டியால் நடுப்புள்ளி போட்டுப் பழகுங்கள்.

முதல் கோர்வையில் தீர்மானத்துக்குள் சுற்று வைக்காதீர்கள். முடிவில் திசை தவறினால் அதைச் சரிசெய்ய மாத்திரை மிச்சமிருக்காது.

இரண்டு ஆவர்த்தனத்துக்கு

ஒன்று கைக்கு வந்தபின் 64 மாத்திரைக்கு முயலலாம். இங்கே யதி, அதாவது வரிகளின் அளவு மாறிச் செல்லும் ஒழுங்கு, வேலைக்கு வரும். பெரிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறையும் கோபுச்ச யதியில் ஒரு கோர்வை:

தகதிமி தகதிமி தகதகிட
திமி தகதிமி தகதகிட
தகதிமி தகதகிட
திமி தகதகிட
தகதகிட

ஒவ்வொரு வரியிலும் முன்னாலிருந்து இரண்டு எழுத்துகள் கழிகின்றன: 13, 11, 9, 7, 5, மொத்தம் 45. மீதி 19. ததிங்கிணதொம் மூன்றுமுறை 15, நடுவில் இரண்டு இடைவெளிக்குத் தலா 2 மாத்திரை. 64 நிறைந்தது. வழிகாட்டும் இடங்கள் இதிலும் உண்டு. ஒன்பது மாத்திரை வரி முதல் ஆவர்த்தனத்தின் கடைசித் தட்டில் தொடங்கும். கடைசித் தகதகிட இரண்டாம் ஆவர்த்தனத்தின் மோதிரவிரலில். இரண்டாவது ததிங்கிணதொம், முன்பு போலவே, முதல் வீச்சில்.

எல்லா வரியும் தகதகிட என்றே முடிவதால் அதற்கு ஒரே அடவை வையுங்கள். முன்பகுதி சுருங்கிக்கொண்டே வந்து அந்த அடவு மட்டும் மிஞ்சும்போது யதி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் வேறு அடவு போட்டால் கணக்கு நோட்டில் மட்டும்தான் இருக்கும். கால் கணக்கையும் பாருங்கள்: எல்லாம் ஒற்றைப்படை, ஆனால் எட்டுச் சொற்கள், மொத்தம் 60 தட்டு. இரட்டைப்படை என்பதால் மறுமுறை வலத்திலேயே தொடங்கும். இடப்பக்கமும் வேண்டுமென்றால் கடைசித் தொம்மில் இரு கால் சேர்த்து விழ வேண்டும்.

பாட்டோடு சேரும்போது

பாட்டு சமத்தில் எடுத்தால் சிக்கல் இல்லை. பல பாடல்கள் சமத்துக்கு அரை அட்சரம், அதாவது 2 மாத்திரை, தள்ளி எடுக்கும். நீங்கள் சமத்தில் தொடங்கி எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், முடிக்க வேண்டும் என்றால் தேவை 32 அல்ல, 34. எடுப்பில் தொடங்கி எடுப்பில் முடித்தால் 32. இதைக் கவனிக்காமல் கட்டினால் ஒத்திகையில் நீங்கள் முடித்து நிற்பீர்கள், பாட்டு அரை அட்சரம் கழித்து வரும்.

கூடுதல் இரண்டு மாத்திரையை முடிவுச் சொல்லில் செருகாதீர்கள், மூன்றும் ஒரே அளவாக இருப்பதில்தான் அதன் பலம். முன்பகுதியின் இரண்டு ஏழுகளையும் எட்டாக்குங்கள். தகதிமிதகதிமி என்று வைத்தால் 8 தட்டு, இரட்டைப்படை, பக்கம் மாறாது. தாதிமி தகதிமி என்று முதல் எழுத்தை நீட்டினால் மாத்திரை 8, தட்டு 7. கணக்கும் சேரும், காலும் மாறும்.

பழகும்போது

கைபேசியை இடுப்பு உயரத்தில், பத்தடி தள்ளி வைத்துப் படம் பிடியுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்று தீர்மானங்களும் மூன்றாகத் தெரிகின்றனவா, அரைமண்டி உயர்கிறதா என்று. பிறகு திரையைப் பார்க்காமல் காலொலியை மட்டும் கேளுங்கள். வலம் ஓங்கியும் இடம் மங்கியும் கேட்டால் இடப்பக்கம் எடை முழுதாக மாறவில்லை.

வலமும் இடமும் சேர்ந்து ஒருமுறை ஆடினால் 58 தட்டு. பத்துமுறை ஆடினால் 580. சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் இது கெண்டைக்காலையும் கணுக்காலையும் பதம் பார்க்கும். வாயால் சொல்லிக் கையை மட்டும் குறித்துப் பழகுவதைப் பெரும்பங்காக வைத்துக்கொண்டு, முழுத் தட்டைப் பத்துமுறையோடு நிறுத்துங்கள்.

ஒத்திகைக்குப் போகும்போது நட்டுவாங்கம் செய்பவருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். சொற்கட்டு, தாளம், நடை, எடுப்பு, நிமிடத்துக்கு எத்தனை அட்சரம், எங்கெங்கே இடைவெளி, எத்தனைமுறை ஆடுகிறீர்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இடைவெளிகளைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மௌனமாக விட்ட 2 மாத்திரையை மிருதங்கம் நிரப்பினால் உங்கள் நிறுத்தம் காணாமல்போகும். முதல் சுற்றில் ஆடாமல் மூவரும் உட்கார்ந்து தாளம் போட்டு, நீங்கள் சொல்ல, அவர்கள் வாசித்து, மூன்றுமுறை சமத்தில் சேர்ந்து விழுந்தபின் எழுந்து சலங்கை கட்டுங்கள்.